மருமகன் கேட்ட மடிக்கணினி



முன்னாளில் வீட்டுக்கு ஒரு பொருள் வாங்கவேண்டுமானால் பெரியவர்கள் கூடிப் பேசுவார்கள். சிறியவர்கள் அருகிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். மாடு வாங்கினாலும் சரி, மனை வாங்கினாலும் சரி, முடிவு பெரியவர்களுடையது. கணினி வீட்டுக்குள் வந்தபின் இந்த முறை தலைகீழாகிவிட்டது. இன்று தம்பிக்கோ தங்கைக்கோ ஒரு மடிக்கணினி வாங்கவேண்டுமென்றால், பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் உங்களைத்தான் பெற்றோர் கலந்து கேட்கின்றார்கள். பணம் அவர்களுடையது, சொல் உங்களுடையது. ஆகவே அந்தச் சொல் ஆராய்ந்த சொல்லாக இருக்கவேண்டும். அதை எண்ணியே இன்று என் குடும்பத்தில் நடந்த ஒரு செய்தியை உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

2025ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் என் தமக்கையார் தொலைபேசியில் அழைத்தார். அவர் வீட்டிலேயே தையல் தைத்துப் பிழைப்பவர். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த தம் மகன், விளையாடுவதற்கு ஏற்ற மடிக்கணினி ஒன்று வேண்டுமென்று கேட்பதாகச் சொன்னார். "சீட்டு எடுத்த பணம் அறுபத்தைந்தாயிரம் இருக்கிறது, தம்பி. அதற்குமேல் என்னிடம் இல்லை. நீதான் வந்து பார்த்து வாங்கித் தரவேண்டும்" என்றார்.

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு. 2021ஆம் ஆண்டில் என் மகளுக்கு இதே போன்ற கணினி ஒன்றை வாங்கினேன். விசைப்பலகையின் அடியில் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் எரிந்தன. "விளையாட்டுக்கென்றே செய்தது, சார்" என்று கடைக்காரர் சொன்னார். விளக்கைக் கண்டேன், சொல்லைக் கேட்டேன், பணத்தைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து விளையாட்டைத் தொடங்கியபோது, பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் ஏறுவதுபோலப் படம் தயங்கித் தயங்கி நகர்ந்தது. விளையாட்டுக்கு இன்றியமையாத உறுப்பு அதில் தனியாக இல்லை என்பதும், நினைவகத்தைப் பெருக்க வழியில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தன. கடைக்காரர் திரும்பப் பெறவில்லை. என் மகள் ஒரு சொல்லும் குறை சொல்லாமல் அதில் பாடம் மட்டும் படித்துவந்தாள். அவள் குறை சொல்லியிருந்தால் என் மனம் சற்று ஆறியிருக்கும்.

இந்த முறை அக்காளின் சீட்டுப் பணம் என் சொல்லை நம்பிச் செலவாகப் போகிறது. இரண்டாம் முறையும் தவறக்கூடாது என்று உறுதி கொண்டேன். கல்லூரியில் படிக்கும் என் மகளையே துணைக்கு அழைத்துக்கொண்டேன்.

விளையாட்டுக்காக ஒரு கணினியா என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். கணினியும் விளையாட்டும் உடன்பிறந்தவை போல வளர்ந்தவை. 1958இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஹிகின்பாதம் என்னும் இயற்பியல் அறிஞர், அலைகாட்டிக் கருவியின் சிறு திரையில் டென்னிஸ் ஆடும் விளையாட்டு ஒன்றை அமைத்தார். ஆய்வுக்கூடத்தைக் காணவந்த பொதுமக்கள் சலிப்படையாமல் இருக்கவேண்டுமென்பதே அவருடைய நோக்கம். 1962இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த இளைஞர்கள், பி.டி.பி.-1 என்ற கணினியில் விண்வெளிப் போர் விளையாட்டு ஒன்றை உருவாக்கினார்கள். அந்தக் கணினியின் விலை ஏறத்தாழ 1,20,000 டாலர்! அன்று ஒரு கல்விக்கழகத்துக்கு மட்டுமே எட்டிய இன்பம் இன்று ஒரு தையற்காரியின் மகனுக்கு எட்டுகிறது என்றால் அதில் வருந்துவதற்கு என்ன இருக்கிறது?

இனி, விளையாட்டுக் கணினிக்கும் மற்றக் கணினிக்கும் என்ன வேறுபாடு? ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். இக்கால மடிக்கணினித் திரைகளில் பெரும்பாலானவற்றில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். விளையாட்டின் படம் தடங்கலின்றி ஓடவேண்டுமானால், நொடிக்கு 60 முறையாவது முழுப்படத்தையும் புதிதாக வரையவேண்டும். அப்படியானால் ஒரு நொடியில் 12,44,16,000 புள்ளிகளுக்கு நிறம் தீர்மானிக்கவேண்டும். எவ்வளவு பெரிய வேலை!

கணினியின் மையச் செயலி தேர்ந்த கணக்கப்பிள்ளை போன்றது. எவ்வளவு சிக்கலான கணக்கையும் அது தீர்த்துவிடும். ஆனால் ஒரு வேலி நிலத்தில் ஒரே நாளில் நாற்று நடவேண்டுமென்றால் கணக்கப்பிள்ளை ஒருவரால் ஆகுமா? அதற்கு வரிசையாக நின்று நடும் ஆட்கள் பலர் வேண்டும். அந்த நடவாட்களின் கூட்டமே வரைகலைச் செயலி. கடைத்தெருவில் அதைக் கிராபிக்ஸ் கார்டு என்பார்கள். எளிய வேலையைச் செய்யும் சிறு கணக்கு உறுப்புகள் ஆயிரக்கணக்கில் அதில் ஒரே நேரத்தில் உழைக்கின்றன. சில கணினிகளில் அது மையச் செயலிக்குள்ளேயே சிறிதாக அடங்கியிருக்கும். சிலவற்றில் தனக்கென நினைவகத்துடன் தனியாக இருக்கும். என் மகளுக்கு நான் வாங்கியது முதல் வகை. பெரிய விளையாட்டுகள் வேண்டுவது இரண்டாம் வகை.

இந்த உறுப்பை விளையாட்டுப் பொருளென்று இகழவேண்டா. 2012இல் டொரான்டோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் படங்களை அடையாளம் காணக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். செயற்கை நுண்ணறிவில் ஒரு திருப்பமாக அமைந்தது அந்த முயற்சி. அதற்கு அவர்கள் கையாண்டவை, விளையாடுவோர் வாங்கும் ஜி.டி.எக்ஸ். 580 என்ற வரைகலை அட்டைகள் இரண்டே!

வேறுபாடு தெரிந்துவிட்டது. அப்படியானால் உடனே கடைக்குப் போகலாமா? கூடாது. முதலில் ஒரு தாளும் எழுதுகோலும் எடுக்கவேண்டும். என் மருமகனிடம், "நீ எந்தெந்த விளையாட்டை ஆட விரும்புகிறாய்? எழுது" என்றேன். அவன் நான்கு பெயர்களை எழுதினான். முதலாவது, கட்டிகளை அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராப்ட். இரண்டாவது, 2020இல் வெளிவந்த வேலரன்ட். மூன்றாவது ஒரு கால்பந்து விளையாட்டு. நான்காவது, மெக்சிக்கோ நாட்டுச் சாலைகளில் கார் ஓட்டும் ஃபோர்சா ஹொரைசன் 5.

ஒவ்வொரு விளையாட்டுக்கும் அதை உருவாக்கியவர்களே இருவகைத் தேவைகளை வெளியிடுகின்றார்கள். ஒன்று, குறைந்த அளவுத் தேவை. இது இருந்தால் விளையாட்டு நடக்கும். மற்றொன்று, பரிந்துரைக்கும் தேவை. இது இருந்தால் விளையாட்டு இனிக்கும். நாங்கள் நான்குக்கும் எடுத்துப் பார்த்தோம். மைன்கிராப்டும் வேலரன்டும் எளிய கணினியிலும் ஓடக்கூடியவை. நான்காவதுதான் பசி மிகுந்தது. சேமிப்பகத்தில் 110 ஜி.பி. இடமும், நினைவகம் 16 ஜி.பி. அளவும், நல்ல வரைகலைச் செயலியும் வேண்டுமென்றது. எனவே நான்காவதை நிறைவு செய்யும் கணினி மற்ற மூன்றையும் நிறைவு செய்யும் என்பது தெளிவாயிற்று. இன்னொன்றையும் பார்த்தோம். விளையாட்டுகளுக்கு, எந்த வயதுக்கு ஏற்றவை என்ற குறிப்பும் உண்டு. ஐரோப்பிய முறையில் அது 3, 7, 12, 16, 18 என்ற எண்களால் காட்டப்படும். என் மருமகன் எழுதியவற்றில் அவன் வயதுக்கு மீறியது எதுவுமில்லை. உங்கள் வீட்டுச் சிறுவர் எழுதும் பட்டியலிலும் அந்த எண்ணைப் பார்க்க மறவாதீர்கள்.

பட்டியல் முடிந்ததும் மருமகன் ஓர் ஐயம் எழுப்பினான். "மாமா, புதிய வரிசைச் செயலிகள் வரத் தொடங்கிவிட்டன. இன்னும் சில மாதம் பொறுத்தால் நல்லது என்று என் நண்பன் சொல்கிறான்" என்றான். அப்போது அவனுக்கு ஆடம் ஆஸ்பார்னின் கதையைச் சொன்னேன்.

ஆஸ்பார்ன் ஆங்கிலேயர், ஆனால் தம் சிறுவயதைத் திருவண்ணாமலையில் கழித்தவர். அவருடைய தந்தையார் ஆர்தர் ஆஸ்பார்ன் இரமண மகரிஷியின் அன்பர். மகன் பிற்காலத்தில் அமெரிக்கா சென்று, 1981இல் ஆஸ்பார்ன் 1 என்ற கணினியை வெளியிட்டார். கையில் தூக்கிச் செல்லத்தக்க கணினியை வாணிகத்தில் வெற்றிபெறச் செய்தது அதுவே. எடை ஏறத்தாழ 11 கிலோ. திரை 5 அங்குலம். விலை 1,795 டாலர். தேவையான மென்பொருள்களையும் அந்த விலைக்குள்ளேயே சேர்த்துக் கொடுத்தார். அது மிகச் சிறந்த கணினியன்று. ஆனால் வாங்குவோரின் வேலைக்குப் போதுமான கணினி. அதனால் நன்கு விற்பனையாயிற்று. பின்னர், இதனினும் சிறந்த கணினி விரைவில் வருமென்ற செய்தி வெளியாயிற்று. உடனே மக்கள் கையிலிருக்கும் கணினியை வாங்காமல் காத்திருக்கத் தொடங்கினார்கள். 1983இல் அந்த நிறுவனம் நொடித்தது. வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் வரப்போவதை முன்கூட்டிச் சொல்லி வந்ததைக் கெடுத்துக்கொள்வதற்கு ஆஸ்பார்ன் விளைவு என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆடம் ஆஸ்பார்ன் தம் இறுதிக் காலத்தைக் கொடைக்கானலில் கழித்து 2003இல் மறைந்தார்.

"கணினி உலகில் நாளை இன்னொன்று வரும், அதற்கு மறுநாள் வேறொன்று வரும். கடலில் அலை ஓய்ந்தபின் குளிக்கலாமென்று கரையில் நிற்பவன் குளிப்பதேயில்லை. உன் நான்கு விளையாட்டுக்கும் போதுமானது இன்று கிடைக்குமானால் இன்றே வாங்கலாம்" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே சரி என்றான்.

மறுநாள் நால்வரும் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குச் சென்றோம். மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்போன தெரு அது. ஒரு கடையில் மூன்று கணினிகளை எடுத்து வைத்தார்கள். ஒன்று 54,000 ரூபாய். மெலிந்த உடல், பளபளப்பான மூடி. இரண்டாவது 61,500 ரூபாய். கறுத்துத் தடித்து, அழகென்று சொல்ல ஒன்றுமில்லாதது. மூன்றாவது 82,000 ரூபாய்.

முதலாவதில் தனி வரைகலைச் செயலி இல்லை. என் பழைய தவறு எனக்கெதிரே புதிய மூடியுடன் உட்கார்ந்திருந்தது! அதை உடனே ஒதுக்கினேன். இரண்டாவதில் ஆர்.டி.எக்ஸ். 3050 என்ற செயலி, தனக்கென 6 ஜி.பி. நினைவகத்துடன் இருந்தது. மூன்றாவதில் இருந்தது ஆர்.டி.எக்ஸ். 4050. இந்த எண்களில் முதல் இரண்டு இலக்கங்கள் தலைமுறையைக் குறிக்கும்; கடைசி இரண்டு அந்தத் தலைமுறைக்குள் அதன் தகுதியைக் குறிக்கும். ஆகவே 4050 என்பது 3050ஐவிட ஒரு தலைமுறை புதியது.

நான் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மகள், "அப்பா, வாட் எவ்வளவு என்று கேட்டீர்களா?" என்றாள். நான் திகைத்தேன். அவளே விளக்கினாள். ஒரே பெயருள்ள செயலிக்கு ஒரு கணினியில் மிகுதியான மின்னாற்றலும் மற்றொரு கணினியில் குறைந்த ஆற்றலும் கொடுக்கின்றார்களாம். ஆர்.டி.எக்ஸ். 4050க்கு 35 வாட் முதல் 115 வாட் வரை கொடுக்க இடமுண்டாம். ஒரே மாடுதான்; ஆனால் ஒருவன் வீட்டில் வயிறார உண்கிறது, மற்றவன் வீட்டில் அரைவயிறு உண்கிறது. இரண்டும் ஒரே அளவு ஏர் உழுமா? பெயரை மட்டும் பார்த்து வாங்குபவன் அரைவயிற்று மாட்டையும் அதே விலைக்கு வாங்கிவிடுவான். நாலாண்டுகளாக ஒரு சொல்லும் சொல்லாத பெண் இவ்வளவையும் கற்று வைத்திருக்கிறாளே என்று நான் உள்ளூர நாணினேன், மகிழவும் செய்தேன்.

பிறகு நினைவகத்தைப் பார்த்தோம். இரண்டாவது கணினியில் 8 ஜி.பி. மட்டுமே இருந்தது. ஆனால் இன்னொரு பட்டை செருகுவதற்கு இடம் வெறுமையாக இருந்தது. அங்கேயே 2,000 ரூபாய்க்கு மற்றொரு 8 ஜி.பி. பட்டையைச் செருகிவிடலாம் என்றார்கள். இரண்டு பட்டைகள் இருந்தால் அளவு பெருகுவதோடு, தரவு இரு வழியாகப் பாய்வதால் வேகமும் கூடும். சில கணினிகளில் நினைவகத்தைப் பலகையிலேயே பற்றவைத்துவிடுவார்கள். அவற்றில் பிறகு ஒன்றும் செய்ய இயலாது. சேமிப்பகம் 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஃபோர்சாவுக்கு 110 ஜி.பி. போனாலும் மற்றவற்றுக்கு இடமிருந்தது.

திரை நொடிக்கு 144 முறை மாறவல்லது என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். நல்லதுதான். ஆனால் செயலி நொடிக்கு 60 படம் வரையும் விளையாட்டில், 144 முறை மாறும் திரை என்ன பயன் தரும்? நான் பார்த்தது நிறத்தை. விலை குறைந்த திரைகள் பல, காட்டவேண்டிய நிறங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையே காட்டும். இந்தத் திரையும் அத்தகையதே. விளையாட அது போதும். ஓவியம் பயில்பவருக்குப் போதாது. அந்தக் குறையை அறிந்தே ஏற்றுக்கொண்டோம்.

அடுத்தது மின்கலம். விளையாடும்போது இத்தகைய கணினி மின்சாரத்தை வாரிக் குடிக்கும். 50 வாட்-மணி மின்கலம், 50 வாட் செலவானால் ஒரு மணி நேரம் நிற்கும். 100 வாட் செலவானால் அரைமணி நேரந்தான். மேலும் மின்கலத்தில் ஓடும்போது வேகமும் குறையும். ஆகவே விளையாட்டுக் கணினி, பெயருக்குத்தான் மடிக்கணினி; அதன் இடம் மேசையும் மின்செருகியும் உள்ள இடமே. மெத்தைமேல் வைத்தால் காற்றுத்துளை அடைபட்டு வெப்பம் ஏறும். வெப்பம் ஏறினால் கணினி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தடித்த உடலும் பெரிய விசிறியும் அழகைக் கெடுத்தாலும் அதற்கு நன்மையே செய்கின்றன.

உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பழுதுபார்க்கும் நிலையம் எங்கே என்பவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டோம்.

அப்போது கடைக்காரர் மூன்றாவது கணினியை முன்னே நகர்த்தினார். "சார், இன்னும் இருபதாயிரம்தான். மாதத் தவணையில் கட்டிவிடலாம். பையன் மூன்று நான்கு ஆண்டு கவலையில்லாமல் விளையாடலாம்" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. அந்தக் கணினி உண்மையாகவே விரைவானது. பணமுள்ளவர் அதை வாங்குவது தவறுமன்று. மருமகனின் கண்கள் அதன்மேல் பதிந்து நின்றதை நான் கண்டேன். என் தமக்கையாரும் கண்டார். அவர் என்னைச் சற்று அப்பால் அழைத்து, "தம்பி, இந்த வளையல் சும்மாதான் கையில் கிடக்கிறது. அடகு வைத்தால் இருபதாயிரம் வராதா?" என்று மெல்லக் கேட்டார்.

எனக்கு விடை எழவில்லை. அந்த வளையல் எங்கள் தாயார் அவருக்குப் போட்டது.

மெல்லக் கேட்டதாக அவர் எண்ணினார். ஆனால் பையன் காதில் அது விழுந்துவிட்டது. அவன் பையிலிருந்து நான்கு பெயர் எழுதிய தாளை எடுத்தான். ஒவ்வொரு விளையாட்டுக்கும் எதிரே எழுதிய தேவைகளை இரண்டாவது கணினியோடு ஒப்பிட்டுப் பார்த்தான். பிறகு, "அம்மா, இந்த நான்குக்கும் கறுப்புக் கணினி போதும். ஃபோர்சாவில் படத்தின் நுணுக்கத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்கிறேன். கார் அப்போதும் ஓடும்" என்றான்.

61,500 ரூபாயும் 2,000 ரூபாயும் சேர்ந்து 63,500 ரூபாய் ஆயிற்று. எஞ்சிய 1,500 ரூபாயை என் தமக்கையார் எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டார்.

மாணவர்களே, விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டுமென்று நம் முன்னோர் சொன்னார்கள். தேவை இன்னதென்று எழுதி வைத்தவன், கடையில் பெரிய பொருளைக் கண்டபோதும் தடுமாறுவதில்லை. எழுதி வைக்காதவனுக்குத் தேவையைக் கடைக்காரர் எழுதிக் கொடுப்பார். என் மருமகனிடம் அன்று ஒரு தாள் இருந்தது. 2021இல் என்னிடம் அது இல்லை. எங்கள் இருவருக்கும் இருந்த வேறுபாடு அவ்வளவே. இங்கே நான் சொன்ன விலைகளும் எண்களும் அந்தக் கோடையில் நாங்கள் கண்டவை. விலை மாறும்; எண் மாறும். ஆனால் கேட்கவேண்டிய கேள்விகள் மாறமாட்டா: என்ன விளையாட்டு? என்ன வரைகலைச் செயலி? எத்தனை வாட்? நினைவகத்தைப் பெருக்க இடமுண்டா? பழுதுபட்டால் யார் பார்ப்பார்? எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தப் பணம் யாருடைய உழைப்பு?

சில மாதங்களுக்குப் பின் அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். பள்ளிக்கூடத்தில் கற்கும் சி++ பாடத்தை என் மருமகன் அந்தக் கறுப்புக் கணினியில் எழுதிக்கொண்டிருந்தான். ஏழு மணி அடித்ததும் பாடத்தை மூடிவிட்டு, "ஒரு மணி நேரம், அம்மா" என்று சொல்லிக் காரை எடுத்தான். தையல் பொறியின் அருகே அமர்ந்திருந்த தமக்கையார் ஊசிக்கு நூல் கோத்தபடியே திரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "மெதுவாகப் போ, அப்பா" என்றார். அவர் கையில் வளையல் இருந்தது.